புல்லுக்கு ஒருவர், சிமெண்டுக்கு ஒருவர்

அமெரிக்காவில் கால்பந்து என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் காலுக்கு வேலை குறைவு, பந்தும் உருண்டை இல்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரே வருகிறவன் இடித்துத் தள்ளுவதுதான் ஆட்டத்தில் பெரும்பகுதி. எப்போதாவதுதான் உதைக்க வேண்டி வரும். அப்போது மட்டும் ஒருவன் களத்துக்குள் ஓடி வந்து, குனிந்து, தன் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைப் பின்பக்கமாக வீசி, தூரத்தில் நிற்கும் உதைப்பவன் கைகளில் சேர்ப்பான். வீசின மறுநொடி எதிராளிகள் மூன்று பேர் அவன் மேல் விழுவார்கள். அவன் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். லோவெல் ஹஸ்கின்ஸின் தொழில் இதுதான். பதினான்கு வருஷமாக இதைச் செய்துவந்தார், ஒரு வீச்சும் தவறியதில்லை. தவறினால்தான் இந்தத் தொழிலில் பெயர் பேப்பரில் வரும் என்பதால் அவரை யாருக்கும் தெரியாது.

டொலீடோ ஹெரான்ஸ் அணி அவரை எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு என்று முதுகு சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆடித் தீர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. பந்து விரல் நுனியை விட்டுப் பிரியும்போதே, அது சரியாகத்தான் போய்ச் சேரும் என்று உள்ளுக்குள் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடிக்காகவே மனிதர் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஹெரான்ஸ் அணியின் சொந்தக்காரி திருமதி ஆர்ஃபா ஸ்டால்பாம். கார் கண்ணாடி வியாபாரத்தில் சம்பாதித்து வைத்துவிட்டுக் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, அணி அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பொரித்த ஏரி மீனும் உருளைக்கிழங்கும் போட்டு, அணியை எப்படி நடத்துகிறோம் என்று விளக்குவார்.

"என் வீட்டுக்காரர் சாகறப்ப ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லிட்டுப் போனார். கீழ வேலை பார்க்கிற ரெண்டு பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா, மறுநாள் மேல வந்து ஏதாவது கேப்பாங்கன்னார். அதனால அதிகாரத்தைச் சரிபாதியாப் பிரிச்சு வச்சிருக்கேன். அணியில யார் இருக்கணும்கிறது மேனேஜர் முடிவு. இருக்கிறவங்கள்ல யார் ஆடணும்கிறது கோச் முடிவு. ரெண்டு பேர் மேலயும் எனக்குப் பூரண நம்பிக்கை இருக்கு. அதனால அவங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை தேவைப்படாது."

பத்திரிகைக்காரர்கள் மீனை மென்றுகொண்டே எழுதிக்கொண்டார்கள்.

மேனேஜர் பிரெஸ்டன் ஆல்கட் மாடியில் இருந்தார். கோட்டு, கழுத்துப்பட்டை, பளபளக்கும் மேஜை, எதைக் கேட்டாலும் கணிப்பொறியில் தட்டிச் சொல்ல நான்கு பட்டதாரிகள். கோச் ரஸ் டோமாசெக் கீழே, மைதானத்தில். தொப்பி, ஊதல், ஒரு கிழிந்த தொண்டை. லோவெலை எடுத்தது ஆல்கட். அதை அவர் டோமாசெக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்டது போல ஆகிவிடும் என்பது அவருடைய கொள்கை.

முதல் நாள் பயிற்சிக்கு லோவெல் மைதானத்தின் ஓரம் வந்து நின்றார். டோமாசெக் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரு?"

"லோவெல் ஹஸ்கின்ஸ், கோச். பந்தைப் பின்னால வீசற ஆள்."

"உன்னை நான் கேட்டேனா?"

"தெரியல கோச். மேனேஜர் கூப்பிட்டார், வந்துட்டேன்."

"காலையில கார்ல வர்றப்ப ரேடியோக்காரன் சொல்றான், டோமாசெக்குக்கு அருமையான வீச்சாளர் கிடைச்சிருக்கார்னு. எனக்குக் கிடைச்சதை ரேடியோ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? உன் மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி. நீ நல்லா வீசுவேன்னு எனக்கும் தெரியும். அங்கதான் சிக்கலே. உன்னை ஆட விட்டு நீ நல்லா வீசிட்டா, பேரு மேல இருக்கிறவனுக்குப் போகும்."

"நான் மோசமா வீசிட்டா?"

"ஆட்டம் தோத்துப் போகும். பேரு எனக்குக் கெடும். நீயே சொல்லு, உன்னை நான் எப்படி ஆட விடறது?"

லோவெல் நின்று யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கோச் சொல்வது சரியாகத்தான் இருந்தது.

ஆகவே முதல் ஆட்டத்தில் பந்தை வீசியது டக்கர் பிரில் என்பவன். டோமாசெக் முன்பு ஒரு கல்லூரியில் கோச்சாக இருந்தபோது அவரிடம் ஆடியவன். ஆளை இடித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரன், வீசுவது அவனுக்குப் பழக்கமில்லை. ஆடாதவர்கள் அணியும் சாம்பல் நிற உடையில் லோவெல் கோட்டுக்கு வெளியே நின்றார். டக்கர் வீசிய பந்து உதைப்பவன் தலைக்கு மேலே பறந்தது. உதைப்பவன் தப்பியோடும் கோழியைப் பிடிக்கிறவன் மாதிரி அதன் பின்னால் குனிந்து குனிந்து ஓடினான். எதிரணிக்காரன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு நடந்தே போய் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். ஆட்டம் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அறைகளில் இரண்டு பேட்டிகள் நடந்தன.

"குடுத்த ஆளுங்களை வச்சுத்தானே ஆட முடியும்? அணியைச் சேர்த்தது நான் இல்லையே," என்றார் டோமாசெக்.

"நாட்டிலேயே நல்ல வீச்சாளரை எடுத்துக் குடுத்திருக்கேன். அதோ, ஓரத்துல நிக்கறார் பாருங்க. எடுத்தது நான், நிக்க வச்சது நான் இல்ல," என்றார் ஆல்கட்.

இரண்டு பேர் முகத்திலும் கல்யாணக் களை. ஜெயித்தால் யாரால் ஜெயித்தோம் என்று தகராறு வரும். தோற்றால் இருவரிடமும் பதில் தயாராக இருந்தது. அதனால் ஹெரான்ஸ் தொடர்ந்து தோற்றது, தோற்கத் தோற்க மாடியும் தெம்பாக இருந்தது, மைதானமும் தெம்பாக இருந்தது.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு எல்லை பிரிக்கப்பட்டது. தான் கேட்காத எவனும் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று டோமாசெக் உத்தரவு போட்டார். பதிலுக்கு, சிமெண்டு போட்ட இடமெல்லாம் என்னுடையது என்றார் ஆல்கட். லிஃப்டைப் பூட்டினார். துணைக் கோச்சுகள் ஊதலும் கையுமாக மாடிப்படி ஏறி இறங்கினார்கள். குளியலறை யாருக்கு என்பது மட்டும் தீரவே இல்லை. தரை சிமெண்டு, குளிக்க வருகிறவர்கள் புல்லிலிருந்து வருகிறார்கள். முடிவு தெரியும்வரை ஐம்பது பேரும் குளிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். அவரவர் மனைவிமார் தரப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

லோவெல் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி செய்தார். அது சிமெண்டு. அவர் மனைவி மார்லிஸ், பல் மருத்துவமனை வேலை முடிந்து வந்து, இரண்டு கார்களுக்கு நடுவே நின்று பந்தைப் பிடிப்பாள்.

"பதினாலு வருஷமாப் பிடிக்கிறேன்," என்றாள் ஒரு நாள். "உன் மூஞ்சியைப் பார்த்ததைவிட உன் பின்பக்கத்தைத்தான் அதிகமாப் பார்த்திருக்கேன்."

"எது பார்க்க நல்லா இருக்கு?"

"பின்பக்கம் பரவால்ல. மூஞ்சிதான் இந்த ஊருக்கு வந்ததுலேருந்து பார்க்கச் சகிக்கல. விட்டுட்டு வாயேன் லோவெல். போதும்னு எழுதிக் குடுத்துட்டு வா."

"நானா விலகினா வேற எங்கயும் ஆட முடியாது மார்லிஸ். என் மேல உள்ள உரிமை இவங்ககிட்டயே கிடக்கும். இவங்களா அனுப்பினாத்தான் நான் வெளி ஆளு."

"அப்ப அனுப்பச் சொல்லு."

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

"இன்னும் ஆடணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லு. அதுக்குத்தானே ஆளெடுத்தாங்க?"

அந்த வாரமே போர்ட்லாண்ட் அணியின் கோச் தொலைபேசியில் கூப்பிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"எங்க வீச்சாளருக்கு முழங்கை போச்சு. உன்னை அவங்க விட்டா நாளைக்கே வா. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நீதான். ஒரு வாரம் பார்ப்பேன், அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

லோவெல் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு மாடிக்குப் போனார்.

"உன்னை விடறதா?" ஆல்கட்டுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "லோவெல், உக்காரு. காப்பி சாப்பிடு. நான் இந்த அணிக்கு எத்தனை பேரை எடுத்திருக்கேன் தெரியுமா? அத்தனை பேரையும் அந்த ஆளு களத்துல இறக்கி, அவங்க லட்சணத்தை ஊருக்கே காட்டிட்டான். நான் ஆள் எடுக்கிறதுல கெட்டிக்காரன்கிறதுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி நீதான். இந்த வருஷம் நீ ஒரு தப்பாவது பண்ணியிருக்கியா?"

"நான் ஆடவே இல்லையே சார்."

"அதேதான் சொல்றேன்! உன்னை விட்டுட்டா, எடுத்ததே தப்புன்னு ஆயிடாதா? நான் இருக்கிறவரைக்கும் உன்னை யாரும் அசைக்க முடியாது."

லோவெல் கீழே இறங்கி, சிமெண்டு முடிகிற இடத்தில் நின்று கத்தினார். டோமாசெக் புல்லின் விளிம்புவரை வந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

"கோச், என்னை அனுப்பிடச் சொல்லி மேல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீ இருந்தாத்தானே அனுப்பறதுக்கு? என்னைப் பொறுத்தவரை நீ இங்க இல்ல தம்பி."

"இல்லாதவனை வச்சுக்கிட்டு என்ன கோச் பண்ணப் போறீங்க? போர்ட்லாண்ட்ல ஆட வைக்கிறேங்கறாங்க."

டோமாசெக் குரலைத் தணித்தார். "மனசைத் திறந்து சொல்றேன், கேட்டுக்க. உன்னை அனுப்பினா அவன் நாளைக்கே இன்னொருத்தனைக் கொண்டு வந்து நிறுத்துவான். வர்றவன் பேப்பர்ல பேட்டி குடுப்பான், சொந்தக்காரம்மா வீட்டுக்குப் போவான். நீ அப்படியா? சாம்பல் உடுப்பைப் போட்டுக்கிட்டுக் கம்முனு நிக்கறே. நாப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், உன்னை மாதிரி அழகா ஆடாம இருக்கிறவனை நான் பார்த்ததே இல்ல."

பாராட்டு என்று தெரிந்ததால் லோவெல் நன்றி சொன்னார்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அணியிலிருந்து ஒருவனை நீக்குவதென்றால், அதற்கென்றே இருக்கும் ஆள் அதிகாலையில் அவன் அறைக் கதவைத் தட்டுவார். "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா," என்பார். ஆட்ட உத்திகள் எழுதி அணி ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் புத்தகம் அது, திருப்பி வாங்கிவிட்டால் கதை முடிந்தது. மலை மாதிரி இருக்கிறவர்களெல்லாம் இந்த மனிதரைக் கண்டால் கழிவறையில் ஒளிந்துகொள்வார்கள். டொலீடோவில் அந்த வேலை டெல்பர்ட் க்ளூஸ் என்பவருடையது. எமதூதன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். லோவெல் நேரே எமதூதன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

டெல்பர்ட் பயந்துபோனார். இதுவரை அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

"என்னைக் கூப்பிடுங்க டெல்பர்ட்," என்றார் லோவெல்.

"என்னப்பா இது? எதுக்கும் ஒரு முறை இருக்கு. நான் தேடி வரணும், நீ ஒளியணும்."

"ஒளியணும்னா ஒளியறேன். எங்க ஒளியட்டும், சொல்லுங்க."

"பேரு மேலேருந்து வரணும். வார்த்தை கீழேருந்து வரணும். நடுவுல நடந்து வர்றது மட்டும்தான் என் வேலை."

"அப்ப கொஞ்சம் நடந்து வாங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டெல்பர்ட்டுக்கு மனசு இளகிவிட்டது. வருஷக்கணக்கில் பிள்ளைகளை அழவைத்த மனிதர், ஒருவனைச் சந்தோஷமாக அனுப்பி வைக்க அவருக்கும் ஆசை இருக்காதா? கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கேட்டார்.

"சரி. நடக்கிறது நடக்கட்டும். உன் ஆட்டப் புத்தகம் எங்க?"

"கோச் எனக்குக் குடுக்கவே இல்லையே."

டெல்பர்ட்டின் முகம் தொங்கிப்போயிற்று. "புத்தகம் இல்லையா? புத்தகத்தை எடுத்துக்கிட்டு வான்னுதானேப்பா நான் சொல்லணும். புத்தகமே இல்லாதவனை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

"வேற யார் புத்தகத்தையாவது வாங்கிட்டு வரட்டுமா?"

"அப்ப அவன்தானே போகணும்!"

டெல்பர்ட் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் எப்படியோ திருமதி ஸ்டால்பாம் காதுக்கு எட்டியது. சிகாகோவிலிருந்து ஓர் ஒத்துழைப்பு நிபுணரை வரவழைத்தார். நிபுணர் வந்ததும் முதல் காரியமாக, மைதானத்துக்குள் போகும் வாயிலில் ஒரு மேஜை போடச் சொன்னார். மேஜையின் இரண்டு கால்கள் புல்லில், இரண்டு கால்கள் சிமெண்டில். மேஜை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, தண்ணீர்க் குவளைகள் எல்லாம் கோச் மடியை நோக்கி நகர்ந்தன. அதை ஒரு சதி என்று டோமாசெக் சொன்னதில் முதல் நாள் போயிற்று. மேஜைக்குக் கீழே மரத்துண்டு வைப்பதா, வைத்தால் எந்த மரம் என்பதில் இரண்டாம் நாள் போயிற்று. லோவெல் வாயிலுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார். போர்ட்லாண்ட்காரர் சொன்ன ஒரு வாரத்தில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று மாலை நிபுணர் வெளியே வந்து தீர்ப்பை வாசித்தார். லோவெலின் சீருடை மேனேஜர் அதிகாரத்தில் வருகிறது, ஏனென்றால் அது கட்டிடத்தில் மடித்து வைக்கப்படுகிறது. தலைக்கவசம் கோச் அதிகாரத்தில் வருகிறது, ஏனென்றால் அது களத்தில்தான் பயன்படுகிறது. ஆகவே லோவெல் இனிமேல் சாம்பல் உடை போட வேண்டாம். முழுச் சீருடையில் நிற்கலாம். தலைக்கவசம் மட்டும் கிடையாது.

"தலைக்கவசம் இல்லாம ஆட முடியாதே?" என்றார் லோவெல்.

"ஆடறது பத்தி இங்க யாரும் பேசலையே," என்றார் நிபுணர். "ரெண்டு தரப்பும் சமமா அதிருப்தியா இருக்காங்க. சமரசம்னா அதுதான். நீங்க ஒத்துழைச்சதுக்கு ரொம்ப நன்றி."

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆட்டம் ராத்திரிதான். மதியம் வீட்டில் தொலைக்காட்சியில் போர்ட்லாண்ட் ஆட்டம் ஓடியது. லோவெலைவிடப் பத்து வயது இளையவன் ஒருவன் ஓடி வந்து குனிந்தான். பந்து போய்ச் சேர்ந்தது, கொஞ்சம் இடதுபக்கமாக. லோவெலின் விரல்கள் சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன. மார்லிஸ் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள்.

அந்த வருஷம் ஹெரான்ஸ் இரண்டே ஆட்டங்கள் ஜெயித்தது, அதுவும் எதிரணிக்காரர்கள் தவறியதால். ஜனவரியில் ஆல்கட்டும் டோமாசெக்கும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இருவரையும் திருமதி ஸ்டால்பாம் வாயாரப் புகழ்ந்தார். ஒப்பந்தப்படி வேலையே இல்லாமல் இன்னும் மூன்று வருஷம் சம்பளம் வாங்கப் போகிறவர்கள் என்பதால் அவர்களும் முறையாகக் கண் கலங்கினார்கள்.

"ரெண்டு பேர் சண்டை போட்டுக்கறாங்கன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க," என்றார் திருமதி ஸ்டால்பாம். "இனிமே அந்தப் பேச்சே வராது. ரெண்டு அதிகாரத்தையும் ஒரே ஆள் கையில குடுத்துட்டேன். இவர் பேரு ஹார்லன் பெக்வித்."

லோவெலுக்கு உயிர் வந்தது. ஒரே ஆள்! ஒரு கதவு, ஒரு வாய், ஒரு பதில். அதற்கேற்றாற்போல் போர்ட்லாண்ட் கோச்சும் மறுபடி கூப்பிட்டார். அந்தப் பையன் வீச்சு இடதுபக்கம் போவது நிற்கவே இல்லையாம். "ஆகஸ்டுக்குள்ள நீ வெளிய வந்துட்டா வா. உனக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது," என்றார்.

பெக்வித் மாடியில், ஆல்கட்டின் பழைய மேஜையில், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கொடுத்தார். லோவெல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அநியாயம்," என்றார். "நாட்டிலேயே நல்ல வீச்சாளர் நீங்க. உங்களை விடறதுக்கு எனக்கு மனசு வராது. நீங்க இங்கதான் ஆடணும்."

"இங்க ஆடினாலும் சந்தோஷம்தான் சார். அப்ப என்னை ஆட விடுவீங்களா?"

"அது என் கையில இல்லையே. களத்துல யார் ஆடணும்கிறது கோச்சோட உரிமை. அதுல நான் தலையிடறதில்ல."

"கோச்சும் நீங்கதானே சார்?"

"அதனாலதான் சொல்றேன். வேற யாராவதா இருந்தா பேசிப் பார்க்கலாம். இந்த ஆளைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். பிடிச்ச பிடியை விடவே மாட்டார்."

சாயங்காலம் மைதானத்தில் தொப்பியும் ஊதலுமாக நின்ற பெக்வித், லோவெலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேல போய்ச் சிபாரிசு பிடிச்சியாமே?"

"இல்ல கோச், உங்களைத்தான்..."

"எல்லாம் என் காதுக்கு வந்துச்சு. கழுத்துல பட்டை கட்டினவன் சொல்லி ஒருத்தனை ஆட விட்டா, இந்தப் பையன்களுக்கு என் மேல என்ன மரியாதை இருக்கும்? நீ மேனேஜர் ஆளு. அங்கயே இரு."

"அப்ப என்னை அனுப்பிடுங்க கோச். கும்பிட்டுக் கேக்கறேன்."

பெக்வித்தின் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"எனக்கும் அனுப்பத்தான் ஆசை தம்பி. ஆனா உன்னை அனுப்பணும்னா நான் அவர்கிட்ட போய்க் கேக்கணும். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதை நிறுத்தி ஒரு மாசமாச்சு."

ஆகஸ்ட் வந்தது. திருமதி ஸ்டால்பாம் மீன் விருந்து போட்டு, அணியில் இப்போதுதான் முழுச் சமநிலை நிலவுகிறது என்று அறிவித்தார். லோவெலுக்கு முப்பத்தேழு முடிந்திருந்தது. அவருடைய ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. மேனேஜர் அன்று மாலையே நீட்டிக் கையெழுத்துப் போட்டார். கோச்சை ஒரு வார்த்தை கேட்கவில்லை.